விழுங்கிவிட்டுக் கேளுங்கள்

கே: மாமா, மூணு மாசமா சோறு நெஞ்சுக்குழியில நின்னு நின்னு போகுது. வீட்டுக்காரி வெறும் கேஸ்னு சொல்றா.
— லாரி ஓட்டுநர், கிள்ளான்

ப: வீட்டுக்காரி சொல்வதெல்லாம் சரி, இது ஒன்றைத் தவிர. வாயு மேலே ஏறும், கீழே இறங்கும், சபையில் மானத்தை வாங்கும். சோற்றைப் பாதி வழியில் மறிக்கிற துணிச்சல் அதற்குக் கிடையாது. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டதா? பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டீர்களா? இரண்டுக்கும் 'ஆமாம்' என்றால் இந்த வாரமே கிளினிக். ஈனோ அலமாரியிலேயே இருக்கட்டும், ஓடிவிடாது.

கே: எனக்கு ஸ்கோப் விட்டுப் பார்த்துட்டு 'அக்கலேசியா'ங்கிறாங்க. பேரு அழகா இருக்கே?
— தையல்காரம்மா, காப்பார்

ப: பேத்திக்கு வைத்துவிடாதீர்கள். உணவுக்குழாய் ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் நீளம். அது வயிற்றில் சேரும் இடத்தில் வளையமாக ஒரு தசை. விழுங்கும்போது அந்த வளையம் தளர வேண்டும். தளரச் சொல்லும் நரம்பணுக்கள் அழிந்துபோனால் அது மூடியபடியே கிடக்கும். மேலே இருக்கும் குழாயும் தள்ளுகிற வேலையை விட்டுவிடும். கொண்டோ வாசலில் தடைக்கட்டையைத் தூக்காமல் தூங்கும் காவலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே வரிசையில் நிற்பது நீங்கள் காலையில் பசியாறிய இட்லி.

கே: அப்பாவுக்கு முதலில் அக்கலேசியா என்றார்கள். பிறகு வயிற்றில் கட்டி என்கிறார்கள். யார் பொய் சொன்னது?
— மகள், பெட்டாலிங் ஜெயா

ப: பொய் சொன்னது கட்டி. வயிற்றின் மேல்முனையில், குழாய் வந்து சேரும் வாசலை ஒட்டி அது வளரும். வளையத்தைச் சுற்றி நெரிக்கும். அல்லது சுவருக்குள் ஊடுருவி அந்த நரம்புப் பின்னலையே கெடுக்கும். காவலாளி விழித்துத்தான் இருக்கிறார். வாசலை மறித்து எவனோ லாரியை நிறுத்திவிட்டுப் போய்விட்டான். தெருவிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே நெரிசல். மருத்துவர்கள் இதைப் போலி அக்கலேசியா என்பார்கள்.

(கிள்ளான் அன்பர் கோபிக்க வேண்டாம். உங்கள் லாரி இல்லை.)

கே: இந்தப் போலி எவ்வளவு அபூர்வம்?
— ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், ஷா ஆலம்

ப: அசல் அக்கலேசியாவே ஆண்டுக்கு லட்சத்தில் ஒருவருக்குத்தான். அக்கலேசியா என்று சந்தேகிக்கப்படும் 100 பேரில் 2 முதல் 4 பேர் போலி. நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏறக்குறைய 80 லட்சம் பேர் இருக்கிறோம். உலகக் கணக்கை அப்படியே இங்கே போட்டால் ஆண்டுக்கு 80 அசல், இரண்டு மூன்று போலி. விடை வந்துவிட்டதா சார்? இனி அந்த இரண்டு மூன்று பேரிடம் போய் 'அபூர்வம்' என்று சொல்லிப் பாருங்கள்.

கே: போலியை முதலில் பிடித்தது யார்?
— கல்லூரி மாணவி, சுபாங் ஜெயா

ப: ஹெனேஜ் ஒகில்வி என்ற லண்டன் அறுவை மருத்துவர், 1947-இல். வயிற்றின் உட்படலத்துக்கு அடியில் பதுங்கிப் பரவும் புற்று அக்கலேசியா வேடம் போடுவதை எழுதினார். அடுத்த ஆண்டே, பெருங்குடலில் அடைப்பில்லாமல் அடைப்பாக நடிக்கும் இன்னொரு நோயையும் பிடித்தார். அதற்கு இன்றும் அவர் பெயர்தான். மனிதரைப் போர்ட் கிள்ளான் சுங்கத்தில் உட்கார வைத்திருந்தால் போலிக் கைப்பை ஒன்றுகூட இறங்கியிருக்காது.

கே: டாக்டருக்கே குழம்பும் என்றால் எங்களுக்கு எப்படித் தெரியும்?
— பூக்கடை, பிரிக்பீல்ட்ஸ்

ப: டாக்டரிடம் இல்லாத ஒரு கருவி உங்கள் கடைச் சுவரில் தொங்குகிறது: நாள்காட்டி. அசல் அக்கலேசியா நிதானமான பேர்வழி. ஆண்டுக்கணக்கில் சமாளித்துவிட்டுத்தான் பலர் வைத்தியரிடம் வருவார்கள். போலி அவசரக்காரன். 1978-இலேயே அமெரிக்க மருத்துவர்கள் மூன்று தடயம் சொல்லிவிட்டார்கள்: வயது 50-க்கு மேல், தொல்லை தொடங்கி ஓராண்டுக்குள், எடையில் ஏறக்குறைய 7 கிலோ இழப்பு.

மூன்றும் இருந்தும் அசலாகவே முடிந்தவர்கள் உண்டு. தடயம் சந்தேகப்படத்தான், தீர்ப்பெழுத அல்ல. ஆனால் தொடங்கிய தேதியைக் குறித்து வையுங்கள். டாக்டரிடம் 'ரொம்ப நாளா' என்று சொல்லாதீர்கள். நம்மவர்களுக்கு 'ரொம்ப நாள்' என்பது நேற்று மாலையாகவும் இருக்கும், மெர்டேக்காவுக்கு முந்தியாகவும் இருக்கும்.

கே: நான் மெலிஞ்சுட்டேன்னு கல்யாண வீட்டுல எல்லாரும் ஒரே பாராட்டு!
— ஸ்ரீ மூடா

ப: ஜிம்முக்குப் போனீர்களா? இல்லை. சோற்றைக் குறைத்தீர்களா? இல்லை. அப்படியானால் பாராட்டியவர்களில் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மொய்யை அங்கே எழுதட்டும்.

கே: தைப்பூச விரதத்தில் இறங்கத் தொடங்கிய எடை இன்னும் இறங்குகிறது. முருகன் அருளா?
— பக்தர், செந்தூல்

ப: பத்துமலையில் 272 படி ஏறியவர், ஒரு மாடி ஏறி டாக்டரைப் பார்க்கக் கூடாதா? முருகன் கோபிக்க மாட்டார்.

கே: முதல்ல சோறு நின்னுச்சு. அப்புறம் கஞ்சி. இப்ப தண்ணியும்.
— ரவாங்

ப: வரிசையைக் கவனித்தீர்களே, பாதி டாக்டர் நீங்கள். கெட்டி, குழைவு, தண்ணீர் என்று படிப்படியாகத் தடை வந்தால் பாதை குறுகிக்கொண்டே வருகிறது என்று பொருள். கட்டியை நினைக்க வேண்டும். தொடக்கத்திலிருந்தே சோறும் தண்ணீரும் சேர்ந்து மக்கர் செய்தால் தசையையும் நரம்பையும் நினைக்க வேண்டும். போலி அக்கலேசியா இந்த இரண்டாவது வரிசையில் நல்ல பிள்ளையாக வந்து நிற்கும். அதுதான் அதன் பித்தலாட்டம். முழு டாக்டரை நாளைக்கே போய்ப் பாருங்கள்.

கே: ராத்திரி படுத்தால் சாப்பிட்டது அப்படியே தலையணைக்கு வருகிறது. புளிப்பே இல்லை. இது என்ன அசிட்?
— பூச்சோங்

ப: வயிற்றுக்குள் போய் வந்த சாப்பாடுதான் புளிக்கும். உங்களுடையது வயிற்றின் முகத்தையே பார்க்காமல் திரும்பியிருக்கிறது. அசிட் மாத்திரையை மாதக்கணக்கில் தின்றுவிட்டு 'கேக்கலையே' என்று புலம்பும் அக்கலேசியாக்காரர்கள் உலகமெங்கும் உண்டு. இப்போதைக்குத் தலைமாட்டை உயர்த்திப் படுங்கள். தூக்கத்தில் அது மூச்சுக்குழாய்க்குள் நுழைந்தால் நிமோனியா. தலையணை உறையைத் துவைப்பதைவிட அது பெரிய வேலை.

கே: ஸ்கோப்பில் ஒன்றும் இல்லை என்றுவிட்டார்கள். கொண்டாடலாமா?
— கோத்தா கெமுனிங்

ப: பாதி கொண்டாடுங்கள். ஸ்கோப் பார்ப்பது உட்படலத்தை. இந்தக் கட்டி சில நேரம் அதற்கு அடியில் படுத்திருக்கும். மேலாகக் கிள்ளி எடுத்த சதைத்துணுக்கும் 'சுத்தம்' என்றே சாட்சி சொல்லும்.

அதனால் கைதேர்ந்தவர்கள் இரண்டு காரியம் செய்வார்கள். வளையத்தைத் தாண்டும்போது கைக்குத் தெரியும் எதிர்ப்பை மதிப்பார்கள். அசல் என்றால் மெல்ல அழுத்தினாலே பொசுக்கென்று வழிவிடும். போலி என்றால் முரண்டு பிடிக்கும். உள்ளே போனதும் ஸ்கோப்பின் நுனியை வளைத்து, வந்த வாசலை உள்ளிருந்து திரும்பிப் பார்ப்பார்கள். அப்படியும் சந்தேகம் தீராவிட்டால் சி.டி. ஸ்கேன், பிறகு நுனியில் அல்ட்ராசவுண்ட் பொருத்திய ஸ்கோப். அது வயிற்றுச் சுவரை அடுக்கடுக்காகக் காட்டிக்கொடுக்கும். மீதிக் கொண்டாட்டத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். எனக்கும் அழைப்பு அனுப்புங்கள்.

கே: வெள்ளைக் கஞ்சி குடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். பறவை மூக்கு தெரிகிறதாம்!
— பந்திங்

ப: பேரியம் கஞ்சி. மேலே பருத்து, கீழே அலகாகக் கூர்ந்து முடிவது அக்கலேசியாவின் முத்திரை. போலிக்கும் அதே அலகுதான். இருபுறமும் சமமாக, வழவழப்பாகக் கூர்ந்திருந்தால் அசல் பக்கம் சாய்வார்கள். கோணலாக நீண்டிருந்தால் புருவத்தை உயர்த்துவார்கள். கஞ்சியின் ருசியை எழுதாமல் விட்டதற்கு நன்றி.

கே: மூக்கு வழியா ஒயர் விட்டு அழுத்தம் பார்க்கணுமாம். அது ஒண்ணே போதாதா?
— சுங்கை பூலோ

ப: மனோமெட்ரி. குழாய் எவ்வளவு தள்ளுகிறது, வளையம் தளர்கிறதா என்று அங்குலம் அங்குலமாகக் காட்டும். அக்கலேசியாவை உறுதி செய்ய அதைவிட நல்ல சோதனை இல்லை. ஆனால் வாசல் மூடியிருக்கிறது என்பதுதான் அதற்குத் தெரியும். ஏன் மூடியிருக்கிறது என்று கேட்டால் திருதிருவென விழிக்கும்.

கே: கட்டி வயிற்றில் இல்லாமலே இந்த வேடம் போடுமா?
— நர்ஸ், செலாயாங்

ப: தங்கச்சி, பரீட்சை வைக்கிறீர்களா? போடும். நுரையீரலில் சிறுசெல் புற்று இருந்தால், அதை எதிர்த்து உடம்பு கிளப்பிவிடும் எதிர்ப்பணுக்கள் வழிதவறி உணவுக்குழாயின் நரம்புகளைத் தாக்குவது உண்டு. மார்பகப் புற்று பல ஆண்டு கழித்து வாசலருகே பரவி வந்து நெரிப்பதும் உண்டு. குற்றம் ஓரிடம், கைது வேறிடம்.

கே: வயிற்றுக் கட்டி என்றால் எல்லாம் ஒன்றுதானே?
— கேரித் தீவு

ப: மாமியார் எல்லாரும் ஒன்றா? இந்த வேடத்தைப் பெரும்பாலும் போடுவது, வயிற்றின் மேல்முனையில் சுரப்பிச் செல்களில் பிறக்கும் புற்று. அபூர்வ விருந்தாளி 'ஜிஸ்ட்'. குடலின் அசைவுக்குத் தாளம் போடும் கஹால் செல்களின் வம்சம் அது. ஆண்டுக்குப் பத்து லட்சத்தில் 10, 15 பேருக்கு வரும்; பாதிக்கு மேல் வயிற்றில். சுவருக்குள் உருண்டையாக உட்கார்ந்திருக்கும், மேலே படலம் ஒன்றுமறியாத முகத்தோடு மினுமினுக்கும். வாசலருகே உட்கார்ந்தால் விழுங்கல் கோளாறு நாடகம் ஆரம்பம்.

வழக்கமான கீமோவுக்கு மசியாத ஆசாமி இது. 1998-இல் ஜப்பானின் ஹிரோட்டா குழு இதற்குள் இருக்கும் 'கிட்' மரபணுக் கோளாறைக் கண்டுபிடித்தது. 2000 மார்ச்சில் ஹெல்சிங்கியில் ஒரு பெண்ணுக்கு, ரத்தப் புற்றுக்காகச் செய்த இமாட்டினிப் மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டி சுருங்கியது. அடுத்தவன் பூட்டுக்குச் செய்த சாவி இப்படி வேறு கதவைத் திறப்பது வைத்தியத்தில் எப்போதாவது நடக்கும்.

கே: அந்த மாத்திரைக்காகச் சென்னையில் வழக்கு நடந்ததாமே?
— வழக்கறிஞர், கோலாலம்பூர்

ப: உங்கள் ஜாதிக்குத்தான் இந்தக் கேள்வி தோன்றும். நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் கிளிவெக். 2006-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 'இதில் புதுமை போதாது' என்று விண்ணப்பத்தைத் தள்ளியது. சட்டப்பிரிவே செல்லாது என்று நிறுவனம் போட்ட வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007-இல் தள்ளியது. 2013 ஏப்ரல் 1 அன்று டில்லி உச்ச நீதிமன்றமும் தள்ளியது. மாதம் லட்ச ரூபாய்க்கு மேல் விலை போட்ட மாத்திரையை இந்திய நிறுவனங்கள் ஏறக்குறைய பத்தாயிரத்துக்குச் செய்தன. ஏப்ரல் முதல் தேதியில் ஏமாறாத நோயாளிகள் என்ற பெருமை அவர்களுக்கு.

கே: அறிஞர் அண்ணாவுக்கு வந்தது இந்த நோய்தானா?
— பழைய வாசகர், ஜாலான் துன் சம்பந்தன்

ப: இல்லை ஐயா. அவருக்கு வந்தது உணவுக்குழாய்ப் புற்று. அது வேடம் எதுவும் போடவில்லை. 1968 செப்டம்பரில் நியூயார்க்கின் மெமோரியல் மருத்துவமனையில் அறுவை நடந்தது. திரும்பி வந்தார், கோட்டைக்கும் போனார். 1969 பிப்ரவரி 3 அன்று, 59 வயதில் போய்விட்டார். மூக்குப்பொடியும் வெற்றிலையும் புகையிலையும் அவரோடு ஒட்டிக்கொண்ட பழக்கங்கள்.

அவரை மேடையில் கொண்டாடுகிற நாம் அந்தப் பழக்கத்தையும் பத்திரமாகக் காப்பாற்றி வருகிறோம். மலேசியாவில் வாய்ப்புற்று அதிகம் வருவது நம் இந்தியருக்குத்தான், அதிலும் நம் பெண்களுக்கு. பாட்டியின் வெற்றிலைப் பெட்டியைப் பார்த்தால் கும்பிடுங்கள், திறக்காதீர்கள்.

கே: கொதிக்கக் கொதிக்கத் தே தாரிக் குடித்தால் புற்று வருமா?
— மாமாக் கடைவாசி, பங்சார்

ப: 65 டிகிரிக்கு மேல் சூடான பானம் உணவுக்குழாய்ப் புற்றுக்கு இட்டுச்செல்லக்கூடும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் சொன்னது. குற்றவாளி தேநீர் அல்ல, சூடு. மாமாக் கடைக்காரர் கைநீள உயரத்திலிருந்து இழுத்து இழுத்து ஆற்றுவதை வேடிக்கை என்று நினைத்தீர்கள். அவர் பொதுச் சுகாதாரத்துறை.

கே: வாழையிலைச் சாப்பாட்டில் மிளகாய் அதிகம். வயிற்றுப் புற்று நமக்குத்தான் அதிகமாக வருகிறதா?
— பிரிக்பீல்ட்ஸ்

ப: மிளகாய்மேல் குற்றம் நிரூபணமாகவில்லை, உப்புக்கண்டத்தின்மேல் உண்டு. வயிற்றுப்புண்ணுக்கும் புற்றுக்கும் வித்திடும் ஹெலிகோபாக்டர் கிருமி நம் நாட்டில் இந்தியர் வயிற்றில்தான் மிக அதிகம், மலாய்க்காரர் வயிற்றில் மிகக் குறைவு. இதை மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் பல ஆண்டு ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். மலாய்க்காரர் நிறைந்த கிளந்தானில் வயிற்றுப் புற்று உலகிலேயே மிகக் குறைவான இடங்களில் ஒன்று. சீனர்களைவிட நம்மிடம் கிருமி அதிகம். ஆனால் அந்த அளவுக்குப் புற்று அதிகமில்லை. இந்தப் புதிரை அவிழ்க்கப் பேராசிரியர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். ரசம் என்று நாம் சொல்வோம், அவர்கள் நம்ப மாட்டார்கள்.

ஒரு திருத்தம்: வாசலை ஒட்டிய மேல்முனைப் புற்றுக்கும் இந்தக் கிருமிக்கும் நெருக்கம் குறைவு. அங்கே நெஞ்செரிச்சலுக்கும் பருத்த தொப்பைக்கும்தான் அதிகச் செல்வாக்கு.

கே: அந்தக் கிருமிதான் புண்ணுக்குக் காரணம் என்று எப்படி நிரூபித்தார்கள்?
— பள்ளி மாணவன், கோம்பாக்

ப: பேரி மார்ஷல் என்ற ஆஸ்திரேலிய டாக்டர் 1984-இல் அதைக் கரைத்து மடக்மடக்கென்று குடித்தார். வயிறு வீங்கி வாந்தி எடுத்தார். 2005-இல் நோபல் பரிசு. தம்பி, அறிவியல் கண்காட்சிக்கு நீ எரிமலையே செய்.

கே: அசல் அக்கலேசியாவுக்கு என்ன வைத்தியம்?
— தையல்காரம்மா, காப்பார் (மறுபடியும்)

ப: நலமா அம்மா? 1674-இல் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில வைத்தியர் திமிங்கில எலும்பின் நுனியில் பஞ்சைக் கட்டிக் கொடுத்தார்; நோயாளி ஒவ்வொரு சாப்பாட்டையும் அதனால் குத்தி இறக்கிக்கொண்டு பல ஆண்டு வாழ்ந்தார். 1913-இல் ஜெர்மனியின் ஹெல்லர் அந்தத் தசையைக் கீறிவிட்டார். பலூன் விட்டு விரிப்பதும் உண்டு. 2008-இல் யோகோஹாமாவில் இனோவே, வாய்வழியே ஸ்கோப் விட்டு, சுவருக்குள் சுரங்கம் தோண்டித் தசையை வெட்டினார். வெளியே தையல்கூட இல்லை. உங்கள் தொழிலுக்குத்தான் நஷ்டம்.

கே: கட்டி என்று தெரியாமல் பலூன் விட்டுவிட்டால்?
— மகள், பெட்டாலிங் ஜெயா

ப: பலூன் தசைநாரைப் பிரிக்கும். கட்டி அதைச் சட்டை செய்யாது. சில வாரம் சோறு இறங்குகிற மாதிரி தெரியும், வீட்டில் பாயசம் வைப்பார்கள்; பிறகு பழைய குருடி கதவைத் திறடி. அப்படிச் சீக்கிரமே திரும்பினால் அதுவே ஒரு தடயம், மறுபடி தேட வேண்டும். கட்டியை வெட்டியோ மருந்தால் சுருக்கியோ ஒழித்தால் விழுங்கல் பெரும்பாலும் தானே சீராகும். அப்பாவுக்கு அதுதான் நடக்கட்டும் அம்மா. இதில் நான் ஜோக் அடிக்கவில்லை.

கே: தலைகீழாக நின்று சாப்பிட்டால் இறங்குமா?
— விடலை, அம்பாங்

ப: உனக்கு இறங்கும். நல்ல உணவுக்குழாய் புவியீர்ப்பை எதிர்த்தும் தள்ளும். விண்வெளி வீரர்கள் பட்டினி கிடப்பதில்லை. அக்கலேசியாக்காரருக்கோ புவியீர்ப்பு ஒன்றுதான் துணை. அதனால்தான் அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, வாய்க்கு வாய் தண்ணீர் குடித்துச் சாப்பிடுகிறார்கள். வீட்டில் யாராவது அப்படித் தண்ணீரால் சோற்றைத் தள்ளினால் 'அதுதான் அவர் பழக்கம்' என்று விட்டுவிடாதே.

கே: மீன் முள் மாட்டினால் சோற்று உருண்டை விழுங்கலாம் என்கிறார் பாட்டி.
— போர்ட் கிள்ளான்

ப: முள் இன்னும் ஆழமாகக் குத்தும். பாட்டியை மீன் ஆயச் சொல்லுங்கள், வைத்தியம் வேண்டாம்.

கே: தொண்டையில் எப்போதும் ஒரு உருண்டை. சாப்பிடும்போது மட்டும் காணாமல் போகிறது.
— மருமகள், கிள்ளான்

ப: விழுங்கத் தடையில்லை, எடையும் இறங்கவில்லை என்றால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. மனவழுத்தமும் நெஞ்செரிச்சலும் இந்த உருண்டையை உருட்டிவிடும். ஒருமுறை டாக்டரிடம் காட்டுங்கள். மாமியாரிடம் சொல்ல நினைத்து விழுங்கிய சொற்கள் எத்தனை என்று நான் கேட்கவில்லை.

கே: இதற்கெல்லாம் எவ்வளவு செலவாகும்?
— மீட்டர் டாக்சி, புடு

ப: குடிமக்களுக்கு அரசுச் சுகாதாரக் கிளினிக்கில் 1 வெள்ளி. அங்கே வாங்கிய கடிதத்தோடு பெரிய ஆஸ்பத்திரி நிபுணரைப் பார்த்தாலும் சில்லறைக் காசுதான். ஒரு ரொட்டி சானாயும் தே தாரிக்கும் சாப்பிட்டாலே ஏறக்குறைய இவ்வளவு ஆகிவிடும். விலை காசில் இல்லை, காத்திருப்பதில். அந்த வரிசையில் முன்னே நகர ஒரே வழி, 'எடை இத்தனை கிலோ, இத்தனை மாதத்தில்' என்று எழுதிக் காட்டுவது. 'கொஞ்சம் கேஸ் டாக்டர்' என்று நீங்களே சொன்னால் கடைசி நாற்காலி உங்களுக்குத்தான்.

கே: கண்ணேறு என்று கயிறு கட்டியிருக்கிறார்கள்.
— காஜாங்

ப: கையில் கட்டினால் கட்டிக்கொள்ளுங்கள். தடை இருப்பது வயிற்று வாசலில். கயிறு அவ்வளவு நீளமில்லை.

கே: மாமியாருக்கு அக்கலேசியா என்று சொல்லியிருக்கிறார்கள். வயது 68, நாலே மாதம், எட்டு கிலோ இறங்கிவிட்டது. 'வேறு ஏதாவது இருக்குமோ' என்று டாக்டரிடம் கேட்டால் கோபித்துக்கொள்வாரா?
— மருமகன், பிரிக்பீல்ட்ஸ்

ப: நல்ல டாக்டர் நீங்கள் கேட்கும் முன்னே ஸ்கேனுக்கு எழுதியிருப்பார். சுமாரான டாக்டர் கேட்டபிறகு எழுதுவார். கோபித்துக்கொண்டால் மூன்றாவது வகை, நாற்காலியைவிட்டு எழுந்துவிடுங்கள். வயது, மாதம், கிலோ மூன்றையும் துல்லியமாக எழுதியிருக்கிறீர்கள். நாளைக்கே அழைத்துப் போங்கள். மாமியாரின் எடையை இவ்வளவு கவனிக்கும் மருமகனை நான் இப்போதுதான் பார்க்கிறேன். நகை எடையை அல்லவே?